விமான வடிவமைப்பில் மிச்சம் பிடித்த செலவு: 737 மேக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த விமான விபத்துச் செய்தி வந்தாலும், "எல்லாம் காசை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை" என்று யாராவது ஒருவர் சொல்வார். பெரும்பாலான விபத்துகளுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. 2018-இலும் 2019-இலும் இரண்டு விபத்துகளில் 346 பேரைப் பலிகொண்ட போயிங் 737 மேக்ஸுக்குப் பொருந்தும். அமெரிக்க நாடாளுமன்றக் குழு, இந்தோனேசிய விசாரணை அமைப்பு, அமெரிக்க நீதித்துறை என்று பலரும் தோண்டித் துருவிவிட்டதால், உள்ளே யார் எதை எப்போது தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதுவரை இன்று பொதுவெளியில் கிடைக்கிறது. அதனால் இங்கே மேக்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அதற்கு ஒரு தலைமுறை முந்தைய டிசி-10 விமானத்தைப் பற்றியும் கொஞ்சம் வரும்.

விமானம் கட்டுவதில் செலவைக் குறைப்பதே தப்பா?

தப்பில்லை. எடை, எரிபொருள், விலை, பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று அனுசரித்துப் போக வைத்தால்தான் ஒரு விமானம் உருவாகும். கொஞ்சம் எடையைக் குறைத்தாலும், அந்த விமானம் ஓடும் இருபது முப்பது வருஷமும் எரிபொருள் மிச்சம். சாதாரணக் குடும்பம் டிக்கெட் எடுக்கும் அளவுக்கு விலை இறங்கியதில் இந்தச் சிக்கனத்துக்குப் பங்கு உண்டு. இத்தனை சிக்கனத்துக்கு நடுவிலும் விமானப் பயணம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு பாதுகாப்பாகிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

பயப்பட வேண்டிய சிக்கனம் வேறு மாதிரி. ஒரு மாற்றத்தைச் செய்வார்கள். அதை மாற்றம் என்று ஒத்துக்கொண்டால் புதுச் சோதனை, புதுப் பயிற்சி, புதுச் சான்றிதழ் என்று செலவு நீளும். அதனால் "பழசுதான், பெரிதாக ஒன்றும் மாறவில்லை" என்று சாதிப்பார்கள். மேக்ஸில் நடந்தது இதுதான். மட்டமான உலோகமோ மலிவான திருகாணியோ வாங்கியதால் அந்த 346 பேர் சாகவில்லை.

அந்த இரண்டு விபத்துகள் எவை?

2018 அக்டோபர் 29 காலையில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவிலிருந்து பங்கால் பினாங்குக்குக் கிளம்பிய லயன் ஏர் 610, சுமார் 13 நிமிடத்தில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். தலைமை விமானி ஓர் இந்தியர். 2019 மார்ச் 10 அன்று அடிஸ் அபாபாவிலிருந்து நைரோபிக்குக் கிளம்பிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் 302, ஆறே நிமிடத்தில் பிஷோஃப்டு அருகே தரையில் மோதியது. 157 பேர். அவர்களில் நான்கு பேர் இந்தியர்கள்.

இரண்டுமே சில மாதங்களே பறந்திருந்த புத்தம்புது 737 மேக்ஸ் 8 விமானங்கள். இரண்டிலும் மூக்கு தானாகக் கீழே கீழே இறங்கியது. விமானிகள் தூக்கத் தூக்க மறுபடியும் இறங்கியது.

புது விமானமே கட்டியிருக்கலாமே, போயிங் ஏன் பழைய 737-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது?

நேரமும் பணமும்தான் காரணம். 2010 டிசம்பரில் ஏர்பஸ் தன் ஏ320 விமானத்தில் எரிபொருள் குறைவாகக் குடிக்கும் புது எஞ்சின்களை மாட்டி, நியோ என்று அறிவித்தது. ஆர்டர் குவிந்தது. 2011 ஜூலையில், அதுவரை போயிங்கின் கோட்டையாக இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. புது விமானம் வடிவமைக்கப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் சந்தை கைநழுவிப் போகும். அடுத்த மாதமே போயிங் மேக்ஸை அறிவித்தது.

ஏர்பஸும் பழைய விமானத்தில்தான் புது எஞ்சினை மாட்டியது. அதில் தவறு காண முடியாது. ஆனால் ஏ320 தரையிலிருந்து நல்ல உயரத்தில் நிற்கும். 737 அப்படியில்லை. அது முதன்முதலில் பறந்தது 1967 ஏப்ரலில். சிறிய ஊர்களின் விமான நிலையங்களில் ஏணி வண்டி, சுமை ஏற்றும் எந்திரம் எதுவும் இருக்காது. ஆட்கள் தரையில் நின்றபடியே பெட்டிகளை ஏற்ற வேண்டும், விமானத்திலேயே மடிப்புப் படிக்கட்டு இருக்க வேண்டும் என்று யோசித்து அதைத் தாழ்வாகக் கட்டினார்கள். அந்தக் காலத்து எஞ்சின்கள் ஒல்லியானவை, இறக்கைக்கு அடியில் சுலபமாக அடங்கின.

மேக்ஸுக்கு வந்த எஞ்சினின் முன் விசிறி விட்டம் சுமார் 176 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய 737 தலைமுறையில் அது 155. அதே எஞ்சின் குடும்பத்திலிருந்து ஏ320 நியோவுக்குப் போனது 198 சென்டிமீட்டர் விசிறி, அது அங்கே தாராளமாக அடங்கியது. 737-இல் 176-ஐ அடக்கவே எஞ்சினை முன்னால் தள்ளி, மேலே தூக்கி மாட்ட வேண்டியிருந்தது. மூக்குச் சக்கரக் காலை வேறு சுமார் 20 சென்டிமீட்டர் நீட்டினார்கள்.

எஞ்சினை நகர்த்தினால் என்ன கெட்டுப்போகிறது?

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைச் சற்றே நிமிர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும் அல்லவா? விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தப் பெரிய எஞ்சின் கூடுகளிலும் காற்று அப்படித்தான் வேலை செய்தது. கூடுகள் முன்னால் இருந்ததால், ஏற்கெனவே தூக்கிய மூக்கை இன்னும் மேலே தள்ளின. அந்த நிலையில் விமானி ஸ்டியரிங்கை இழுக்க இழுக்க அது கனக்க வேண்டும், இலேசாகிவிடக் கூடாது என்பது சான்றிதழ் விதி. மேக்ஸ் அந்த விதியில் இடறியது.

இறக்கையையோ வாலையோ மாற்றி இதைச் சரி செய்தால் செலவும் நாளும் ஆகும். போயிங் மென்பொருளால் சரி செய்தது. அதுதான் எம்காஸ். விமானியிடம் கேட்காமல், வாலில் உள்ள கிடைமட்டச் சிறகைத் தானே திருப்பி மூக்கைக் கீழே இறக்கும் ஏற்பாடு. மென்பொருளால் சரி செய்வதும் பாவமில்லை. இன்றைய விமானங்கள் பலவும் அப்படித்தான் பறக்கின்றன. அந்த மென்பொருளை எவ்வளவு கவனமாகக் கட்டினார்கள், யாரிடம் சொன்னார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரே ஒரு சென்சாரை நம்பினார்கள் என்கிறார்களே, இன்னொன்று வாங்கக் காசில்லையா?

இன்னொன்று விமானத்திலேயே இருந்தது. மூக்குக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று காற்றின் கோணத்தை அளக்கும் இரண்டு சிறிய தகடுகள். எம்காஸ் ஒரு பயணத்தில் அவற்றில் ஒன்றை மட்டுமே கேட்டது. இன்னொன்று என்ன சொல்கிறது என்று பார்க்கவே இல்லை. லயன் ஏர் விமானத்தில் கெட்ட சென்சார் சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. பக்கத்துச் சென்சார் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது.

இதை எப்படி அனுமதித்தார்கள்? ஒரு கருவி கெட்டால் என்ன ஆகும் என்பதை விமானத் துறையில் தரம் பிரிப்பார்கள்: சிறியது, பெரியது, அபாயகரமானது, பேரழிவு. பேரழிவு என்று எழுதிவிட்டால் விதி மிகக் கடுமையாகிவிடும். ஒற்றைக் கோளாறால் அது நேரவே கூடாது, அதற்கான வாய்ப்பும் 100 கோடி பறப்பு மணிநேரத்தில் ஒன்றுக்குமேல் இருக்கக் கூடாது. போயிங் எம்காஸ் தப்பாக இயங்குவதைச் சாதாரணப் பறப்பில் "பெரியது" என்ற தரத்தில்தான் வைத்தது. அந்தத் தரத்துக்கு ஒரு சென்சார் போதும்.

அந்தத் தரம் நின்றது ஓர் அனுமானத்தின் மேல்: எம்காஸ் தப்பாக இயங்கினால் விமானி நான்கு விநாடிக்குள் சுதாரித்துச் சரி செய்துவிடுவார். 2012-இலேயே சிமுலேட்டரில், அதாவது தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டிப் பழகும் எந்திரத்தில், போயிங்கின் சோதனை விமானி ஒருவருக்கு 10 விநாடிக்கு மேல் ஆனது, அந்த நிலையை அவர் பேரழிவு என்றே குறிப்பிட்டார். சோதனை விமானிக்கே அப்படி. அதற்குப் பிறகும் அந்த அனுமானம் மாறவில்லை.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. ஆரம்பத்தில் எம்காஸ் வால் சிறகை ஒரு தடவைக்கு 0.6 டிகிரிதான் திருப்ப முடியும். பறக்கும் சோதனைகளில் அது போதவில்லை என்று தெரிந்ததும் 2.5 டிகிரி ஆக்கினார்கள். நான்கு மடங்குக்கும் மேல். வேகம் குறைந்த நிலையிலும் இயங்கும்படி செய்தார்கள், அதற்காக, அது இயங்கக் கோணத்தோடு சேர்த்து முதலில் வைத்திருந்த இரண்டாவது நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். விமானி தன் பொத்தானால் மூக்கைத் தூக்கிவிட்டால், ஐந்து விநாடி கழித்து அது புதிதாக மறுபடியும் தொடங்கும். இத்தனை மாறியும் பழைய மதிப்பீட்டைத் திரும்பத் திறந்து பார்க்கவில்லை. விமானங்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.விலேயே அந்த 2.5 டிகிரி விஷயம் சில பொறியாளர்களுக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு ஆறாத கோபம். கையில் இருந்த காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்திருந்தால்கூடப் போதும்.

விமானிகளிடம் ஏன் மறைத்தார்கள்?

சொன்னால் பயிற்சி கொடுக்க வேண்டும். பழைய 737 ஓட்டிய விமானி சிமுலேட்டரில் உட்காராமலே மேக்ஸ் ஓட்டலாம், ஐபேடில் சில மணிநேரப் பாடம் போதும் என்பதுதான் போயிங்கின் விற்பனைப் பேச்சே. ஏர்லைன்களுக்கு அது பெரிய ஈர்ப்பு. சிமுலேட்டர் நேரம் விலை உயர்ந்தது, பயிற்சியில் இருக்கும் விமானி வண்டி ஓட்ட மாட்டார்.

சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸோடு போட்ட ஒப்பந்தத்தில், சிமுலேட்டர் பயிற்சி கட்டாயமானால் ஒரு விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாகப் போயிங் எழுதிக் கொடுத்திருந்தது. நூற்றுக்கணக்கான விமானங்களுக்கான ஆர்டர் அது. இதற்கப்புறம் அந்த நிறுவனத்துக்குள் "இதற்குப் பயிற்சி தேவை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். 2013-இல் நடந்த ஒரு கூட்டத்தின் குறிப்பே இருக்கிறது: எம்காஸைப் புது அம்சம் என்று அழுத்திச் சொன்னால் சான்றிதழ், பயிற்சி இரண்டிலும் சுமை கூடும் என்று. ஏற்கெனவே 737-இல் இருந்த ஒரு சிறிய ஏற்பாட்டின் நீட்சியாகவே அதை வெளியே காட்டுவது என்று முடிவானது. கடைசியில் விமானிகளின் கையேட்டிலிருந்தே அதன் விளக்கம் போய்விட்டது.

2017-இல் லயன் ஏர் தன் விமானிகளுக்கு மேக்ஸ் சிமுலேட்டர் பயிற்சி வேண்டுமோ என்று கேட்டது. தேவையில்லை என்று பேசி அனுப்பினார்கள். அப்படிக் கேட்டவர்களை முட்டாள்கள் என்று போயிங் ஊழியர் ஒருவர் சக ஊழியருக்கு எழுதிய செய்தி 2020 ஜனவரியில் வெளியானது. அப்படிக் கேட்டதற்கு அடுத்த ஆண்டே, 2018-இல், அந்த ஏர்லைனின் விமானம்தான் முதலில் விழுந்தது.

பயிற்சிச் செலவு என்ற இதே காரணம் வேறு இடத்திலும் குறுக்கே வந்திருக்கிறது. கோணச் சென்சார்களும் வேகமானிகளும் கெட்டால் கணக்குப் போட்டுச் சரிபார்க்கும் ஓர் ஏற்பாடு போயிங்கின் 787-இல் இருந்தது. அதை மேக்ஸிலும் வைக்கலாம் என்று ஒரு பொறியாளர் கேட்டதையும், செலவையும் பயிற்சியையும் காட்டித் தள்ளிவிட்டார்கள் என்று அவரே பின்னர் புகார் கொடுத்தார்.

அந்தக் கடைசி நிமிடங்களில் காக்பிட்டில் என்ன நடந்தது?

லயன் ஏர் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பியதுமே இடப்பக்க விமானியின் ஸ்டியரிங் கடகடவென்று உதற ஆரம்பித்தது. விமானம் தூக்கு விசையை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை அது. பொய்யான எச்சரிக்கை, ஆனாலும் கடைசிவரை நிற்கவில்லை. இரண்டு பக்கத்து வேகமானிகளும் வேறு வேறு எண் காட்டின, உயரமானிகளும் அப்படியே. எந்தக் கருவியை நம்புவது என்றே தெரியாத நிலையில், இறக்கை மடிப்புகளை உள்ளே இழுத்ததும் எம்காஸ் விழித்துக்கொண்டது. இருவருக்கும் நடுவில் இருக்கும் கறுப்புச் சக்கரம் தானாகச் சுழன்றது, மூக்கு இறங்கியது. தலைமை விமானி கட்டைவிரல் பொத்தானை அழுத்தித் தூக்கினார். ஐந்து விநாடி கழித்து மறுபடி இறங்கியது. மறுபடி தூக்கினார். இப்படி 20 தடவைக்கும் மேல்.

துணை விமானி அவசரக் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தார். எம்காஸ் என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை. கடைசியில் தலைமை விமானி கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்தார். அவர் பொத்தானை அழுத்தியது போதவில்லை. விமானம் கடலை நோக்கிப் பாய்ந்தது.

முந்தின இரவு இதே விமானம், பாலித் தீவின் டென்பசாரிலிருந்து வரும்போது இதே கோளாறில் சிக்கியது. அன்று காக்பிட்டில் வேலை நேரத்தில் இல்லாத மூன்றாவது விமானி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வால் சிறகின் மின் இணைப்பைத் துண்டிக்கும் இரண்டு சுவிட்சுகளையும் அணைத்தார்கள், தப்பித்தார்கள்.

அப்படியானால் விமானிகள் மேலும் தப்பு இருக்கிறதே? அந்தச் சுவிட்சை அணைத்திருக்கலாமே?

நியாயமான கேள்விதான். இந்தோனேசிய அறிக்கை ஒன்பது காரணங்களை அடுக்குகிறது. அதில் விமானிகளின் கையாளுதலும் பராமரிப்புக் குறைகளும் இருக்கின்றன. கெட்ட சென்சாரே பழுது பார்த்துப் பொருத்தப்பட்ட பழைய ஒன்று. முந்தின இரவு நடந்ததைச் சரியாக எழுதி வைத்திருந்தால் அந்த விமானம் காலையில் கிளம்பியிருக்காது.

ஆனால் எத்தியோப்பிய விமானிகள் அந்தச் சுவிட்சுகளை அணைத்தார்கள். அணைத்த பிறகு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் மூக்கைத் தூக்க வேண்டும். விமானம் அளவுமீறிய வேகத்தில் போய்க்கொண்டிருந்ததால் காற்றின் அழுத்தத்தில் சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. வேகத்தைக் குறைக்காதது அவர்கள் பக்கத்துப் பிழை. வேறு வழி தெரியாமல் மின் இணைப்பை மீண்டும் கொடுத்தார்கள், எம்காஸ் கடைசியாக ஒரு தடவை மூக்கை இறக்கியது.

பழைய 737-இல் அந்த இரண்டு சுவிட்சுகளுக்கும் தனித்தனி வேலை. ஒன்றை அணைத்தால் தானியங்கி மட்டும் நிற்கும், விமானியின் கட்டைவிரல் பொத்தான் வேலை செய்யும். மேக்ஸில் எதை அணைத்தாலும் இரண்டுமே போய்விடும்படி மாற்றியிருந்தார்கள். பழைய ஏற்பாடு இருந்திருந்தால் அவர்களுக்கு இன்னொரு வழி இருந்திருக்கும்.

எச்சரிக்கை விளக்கைக்கூடக் கூடுதல் காசுக்கு விற்றார்களாமே?

கிட்டத்தட்ட உண்மை, கொஞ்சம் திருத்தம் வேண்டும். இரண்டு கோணச் சென்சார்களும் முரண்பட்டால் திரையில் வரவேண்டிய எச்சரிக்கை எல்லா மேக்ஸிலும் இருக்க வேண்டிய அம்சம். மென்பொருள் பிழையால், கோணத்தைக் காட்டும் தனி அளவுமானியைக் காசு கொடுத்து வாங்கிய விமானங்களில் மட்டுமே அது இயங்கியது. போயிங்குக்கு இது 2017-இலேயே தெரியும். அவசரமில்லை, 2020-இல் திருத்தலாம் என்று வைத்துவிட்டார்கள். லயன் ஏர் விழும்வரை ஏர்லைன்களுக்கும் சொல்லவில்லை, அரசுக்கும் சொல்லவில்லை.

அரசு அமைப்பு என்ன செய்துகொண்டிருந்தது?

எஃப்.ஏ.ஏ. தன் சரிபார்ப்பு வேலையில் பெரும் பகுதியைப் போயிங் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. சட்டப்படியே அதற்கு இடமுண்டு. ஆள் பற்றாக்குறையும் நிபுணத்துவமும் காரணம் என்பார்கள். நடைமுறையில், சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் அவசரத்துக்கு எதிராக அந்த ஊழியரே நிற்க வேண்டும் என்று ஆகிறது. எல்லோராலும் நிற்க முடியாது.

அதைவிட என்னை உலுக்கியது லயன் ஏர் விபத்துக்குப் பிறகு, 2018 டிசம்பரில் எஃப்.ஏ.ஏ. தானே போட்ட ஒரு கணக்கு. எம்காஸைத் திருத்தாமல் விட்டால், மேக்ஸ் விமானங்களின் ஆயுள்காலத்தில் சுமார் 15 உயிர்ச்சேத விபத்துகள் வரலாம் என்று அதில் இருந்தது. திருத்தம் தயாராகும்வரை பறக்கட்டும் என்று விட்டார்கள். மூன்று மாதத்தில் எத்தியோப்பியா. அதற்கடுத்த நாளே சீனா மேக்ஸைத் தரையிறக்கியது, இந்தியா உட்படப் பல நாடுகள் தொடர்ந்தன, அமெரிக்கா மார்ச் 13 அன்றுதான்.

இது முதல் தடவையா? இதற்கு முன் இப்படி நடந்ததுண்டா?

உண்டு. மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-10. 1974 மார்ச் 3 அன்று பாரிஸிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய துருக்கி ஏர்லைன்ஸ் 981 எர்மனன்வில் காட்டில் விழுந்தது. இறந்தவர்கள் 346 பேர். மேக்ஸ் இரண்டிலும் சேர்த்து இறந்த அதே எண்ணிக்கை.

டிசி-10-இன் சரக்குக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. உள்பக்கம் திறக்கும் கதவை உள்ளிருக்கும் காற்றழுத்தமே இறுக்கிப் பிடிக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவில் உள்ளே இடம் மிச்சம், ஆனால் தாழ்ப்பாள்தான் எல்லாம். அந்தத் தாழ்ப்பாளுக்கும் எடை குறைந்த மின் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தார்கள். தாழ்ப்பாள் முழுக்க விழாமலே, விழுந்ததுபோல வெளிக் கைப்பிடியை அழுத்தி மூடிவிட முடிந்தது. 1970-இல் தரையில் நடந்த அழுத்தச் சோதனையிலேயே கதவு பிய்த்துக்கொண்டது.

1972 ஜூன் 12 அன்று கனடாவின் விண்ட்சர் நகருக்கு மேலே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10 ஒன்றின் சரக்குக் கதவு பறந்துபோனது. அன்று அதை மூடிய தொழிலாளி கைப்பிடி இறங்காமல் முழங்காலால் அழுத்தித்தான் மூடியிருந்தார். பயணிகள் தளத்தின் ஒரு பகுதி சரிந்து, அடியில் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் சேதமாயின. விமானிகளின் திறமையால் எல்லோரும் பிழைத்தார்கள்.

விமான உடலைக் கட்டித்தந்த துணை ஒப்பந்த நிறுவனம் கான்வேர். அதன் பொறியியல் இயக்குநர் டான் ஆப்பிள்கேட், விண்ட்சர் சம்பவம் நடந்த அதே மாதம் தன் மேலதிகாரிகளுக்கு எழுதினார்: வரும் இருபது ஆண்டுகளில் இந்தக் கதவுகள் திறந்தே தீரும், திறந்தால் பெரும்பாலும் விமானமே போய்விடும். மேலதிகாரிகள் அவர் சொன்னதை மறுக்கவில்லை. இதை எழுப்பினால் திருத்தும் செலவு நம் தலையில் விழுமோ என்று யோசித்து, மெக்டானல் டக்ளஸுக்கு அனுப்பாமலே விட்டார்கள். எஃப்.ஏ.ஏ.வும் கட்டாய உத்தரவு போடாமல், நிறுவனமே பார்த்துத் திருத்தட்டும் என்று வாய்வார்த்தையில் முடித்தது. துருக்கி விமானத்துக்கு அந்தத் திருத்தம் முடிந்ததாகக் காகிதத்தில் கையெழுத்து இருந்தது. வேலை நடந்திருக்கவில்லை. இந்தத் தடவை தளம் சரிந்து, கம்பிகள் அறுந்தன.

2024-இல் நடுவானில் சுவர் பிய்ந்துபோனதே, அதுவும் இதே கதையா?

அது வடிவமைப்பு விஷயமில்லை, தொழிற்சாலை விஷயம். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் மேக்ஸ் 9-இல், கதவு வரும் இடத்தை அடைத்திருந்த பலகை பறந்தது. அதைப் பிடிக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் பொருத்தப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அவசரமும் ஆவணக் குறைவும் இங்கேயும் உண்டு என்ற அளவில் உறவு.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

சிறைக்கு யாரும் போகவில்லை. 2021 ஜனவரியில் போயிங் அமெரிக்க நீதித்துறையோடு 250 கோடி டாலர் சமரசம் செய்துகொண்டது. அதில் அபராதம் 24.36 கோடி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50 கோடி, மீதியெல்லாம் ஏர்லைன்களுக்கு. குற்ற வழக்கில் நிறுத்தப்பட்ட ஒரே ஆள் போயிங்கின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப விமானி. 2022 மார்ச்சில் ஜூரி அவரை விடுவித்தது. அந்தச் சமரசத்தை மீறியதாக 2024-இல் வழக்கு மறுபடி எழுந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போயிங் சம்மதித்தும், அந்த ஒப்பந்தத்தை நீதிபதி ஏற்கவில்லை. கடைசியில் 2025-இல் வேறொரு சமரசத்தோடு வழக்கு தள்ளுபடியானது. குடும்பங்கள் கடைசிவரை எதிர்த்தார்கள்.

பணக் கணக்கில் பார்த்தாலும் போயிங்குக்கு இது கட்டுப்படியாகவில்லை. மேக்ஸ் தரையில் நின்ற காலத்து நஷ்டம், அபராதம், இழப்பீடு எல்லாம் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. 2013 முதல் 2019 வரை அதே நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவிட்டது சுமார் 4,300 கோடி டாலர். புது விமானம் கட்டப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது மேக்ஸில் ஏறலாமா?

ஏறலாம், நான் தயங்க மாட்டேன். 2020 நவம்பரில் அமெரிக்காவும் 2021 ஆகஸ்ட்டில் இந்தியாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான டிஜிசிஏவும் திருத்தப்பட்ட மேக்ஸுக்கு அனுமதி கொடுத்தன. எம்காஸ் இப்போது இரண்டு சென்சார்களையும் ஒப்பிடுகிறது. இரண்டும் 5.5 டிகிரிக்கு மேல் முரண்பட்டால் ஒதுங்கிவிடும். ஒரு சம்பவத்துக்கு ஒரு தடவைதான் இயங்கும், விமானி கையால் மீற முடியாத அளவுக்குத் திருப்பாது. முரண்பாட்டு எச்சரிக்கை எல்லா விமானத்திலும் வேலை செய்கிறது. சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். தரையில் நின்ற 20 மாதத்தில், அதற்கு முன் எந்த விமானத்தையும் பார்க்காத அளவுக்கு இதைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். இதெல்லாம் முதலிலேயே செய்திருக்கக் கூடியவை என்பதுதான் வேதனை.

எல்லாமே சரியாகிவிட்டதா?

ஒரு விஷயம் பாக்கி. 2020 டிசம்பரில், இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயாமல் வலியுறுத்தியதன் பலனாக, அமெரிக்க நாடாளுமன்றம் சான்றிதழ் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 2022 இறுதிக்குப் பிறகு சான்றிதழ் பெறும் விமானங்களில் நவீன எச்சரிக்கை ஒருங்கிணைப்பு இருக்க வேண்டும். பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது, எது முக்கியம், என்ன செய்ய வேண்டும் என்று திரையில் வரிசைப்படுத்திக் காட்டும் ஏற்பாடு அது. போயிங்கின் மற்ற விமானங்களில் பல ஆண்டுகளாக உண்டு, 737-இல் இல்லை. லயன் ஏர் காக்பிட்டில் இருந்த குழப்பத்தை நினைத்தால் அதன் அருமை புரியும். மேக்ஸ் 7, மேக்ஸ் 10 இரண்டும் அந்தக் கெடுவுக்குள் சான்றிதழ் வாங்க முடியவில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவற்றுக்கு விலக்கு கொடுத்தது. மற்ற மேக்ஸ்களிலிருந்து காக்பிட் மாறினால் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது போயிங் வைத்த வாதங்களில் ஒன்று. பதிலுக்கு, கோணத்தை மூன்றாவதாகச் சரிபார்க்கும் ஒரு கணக்கு ஏற்பாட்டையும், பொய்யாக உதறும் ஸ்டியரிங்கை நிறுத்தும் வசதியையும் எல்லா மேக்ஸிலும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவை நல்லவைதான். ஆனாலும் பயிற்சிச் செலவைக் காட்டி ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைத் தள்ளிப்போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் போகப்போவது மேக்ஸா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியாவில் ஆகாசா ஏரின் விமானங்கள் எல்லாமே மேக்ஸ் ரகம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் மேக்ஸும் உண்டு, ஏ320 ரகமும் உண்டு. டிக்கெட்டில் மேக்ஸ் என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. 737-8 என்று இருந்தால் அது மேக்ஸ். 737-800 என்றால் அதற்கு முந்தைய தலைமுறை. விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் மேக்ஸ் 8 என்பது பி38எம் என்ற குறியீட்டில் வரும். இருக்கைக்கு முன்னால் உள்ள பாதுகாப்பு அட்டையிலும் ரகம் எழுதியிருக்கும்.